ஒரு விரற்கடை தள்ளி வைத்த கெப்பாசிட்டர்

கெப்பாசிட்டரைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் வை. இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த டேட்டாஷீட்டைப் பிரித்தாலும் கடைசிப் பக்கங்களில் படம் போட்டே சொல்லியிருப்பார்கள். லேஅவுட் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கம்பெனியில் கேட்டார்கள். அந்த ஒரு வரியை இருபது வருடத்துக்கு மேல் மனப்பாடமாக வைத்திருந்த ஒருத்தி, அதே கெப்பாசிட்டரைத் தெரிந்தே தள்ளி வைத்த கதையை எழுதுகிறேன். நான் கெட்டிக்காரியாக வருகிற கதைகளையெல்லாம் ஓய்வுபெற்ற அன்று டீ கொடுத்து நீங்களே பேசி முடித்துவிட்டீர்கள்.

நம் வேலை என்ன என்று ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும். சோலார் பேனலிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ வரும் மின்சாரத்தை வேண்டிய அளவுக்கு மாற்றித் தருவது கன்வர்ட்டர். அதற்குள் ஒரு மின்னணு சுவிட்ச் நொடிக்கு லட்சம் தடவை மூடித் திறக்கிறது. ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று வால்வை மூடி நிறுத்தினால் பைப் தடக்கென்று உதைக்கும் அல்லவா, மின்சாரத்திலும் அந்த உதை உண்டு. மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்துவைக்கிற கெப்பாசிட்டரிலிருந்து கிளம்பிச் சுவிட்ச் வழியாகத் திரும்பி வருகிற சுற்று பெரிதானால் உதை பெரிது, சிறிதானால் உதை சிறிது. உதை அளவுக்கு மீறினால் சுவிட்ச் செத்துப்போகும். போர்டில் எந்தச் சாமானை எங்கே உட்காரவைப்பது, செம்பை எப்படி ஓடவிடுவது என்று பார்த்து அந்தச் சுற்றைச் சிறிதாக்குவதுதான் நமக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை.

அந்த உதையை அளக்கிறவள் ஒருத்தி இருந்தாள். டிப்ளமோ முடித்துவிட்டு ஒப்பந்தத்தில் டெஸ்டிங் பிரிவுக்கு வந்தவள், என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். அவள் பெயரில் கம்பெனியில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்ததால் எல்லோரும் அவளை ஊர்ப் பெயரைச் சொல்லிக் கோவளம் என்றே கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவள் அம்மா கேளம்பாக்கம் பக்கத்து உப்பளத்தில் கூலி வேலை செய்து அவளைப் படிக்கவைத்தவர். நான் செங்கல்பட்டுக்கு மேற்கே நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண், பொறியியல் பட்டம் பெற்றவள். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் உங்களுக்கே தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். மற்றவர்கள் எல்லோரும் என்னை மேடம் என்பார்கள். இவள் எடுத்த எடுப்பில், "இன்னாக்கா, உன் போர்டு இந்த ஒதை ஒதைக்குது?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் அவள் பெஞ்சில் பார்த்தேன். உதையைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப்பின் புரோபிலிருந்து, அதாவது போர்டைத் தொட்டு அளக்கிற முனையிலிருந்து, கறுப்பு வயர் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வயரே காற்றில் இருக்கிற இரைச்சலையெல்லாம் இழுத்துத் திரையில் கொட்டும், இல்லாத உதையை இருப்பதாகக் காட்டும். வயரைக் கழற்றிவிட்டு, புரோபின் நுனியில் சின்ன ஸ்பிரிங்கை மாட்டி அளந்து காட்டினேன். திரையில் இருந்த உதையில் பாதி காணாமல் போயிற்று. முதலில் உன் வயரைச் சுருக்கு, அப்புறம் என் போர்டைக் குறை சொல் என்றேன். லேப் முழுக்கச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவள் நீள வயரில் அளக்கவில்லை. நான்தான் அந்தக் கிண்டலை விடவே இல்லை. அவள் எதைக் கொண்டுவந்தாலும் முதல் பதில், வயரைச் சுருக்கு.

நாங்கள் சிநேகிதமானது ரயிலில். அவள் கோவளத்தில் பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் மாறி, வண்டலூரில் ரயில் பிடிப்பாள். அடுத்த ஸ்டேஷன் ஊரப்பாக்கம், அங்கே நான் ஏறுவேன். எனக்காக ஜன்னலோரம் டிபன் பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் இறங்கிக் கூட்டம் குறைந்ததும் நான் பையிலிருந்து ஒரு தாளை எடுப்பேன். முதல் நாள் முடித்த போர்டின் படம், நாலு மடங்கு பெரிதாக்கி அச்சடித்தது. அதை மடியில் விரித்துக்கொண்டு அவள் நகத்தால் செம்புப் பாதையில் இழுத்துக்கொண்டே போவாள். போகிற பாதையில் சீக்கிரம் போய்விடுவாள். சுவிட்சில் போய் நின்றதும், "போறது சரி. திரும்பி வர்ற வழி எங்க கீது, அத காட்டு" என்பாள். திரும்பும் வழியில் அவள் நகம் எங்கேயாவது சுற்றிக்கொண்டு போனால் அந்த இடத்தில் தாளில் ஒரு கீறல் விழும். செங்கல்பட்டு வருவதற்குள் மூன்று நாலு கீறலாவது இருக்கும். நான் சண்டை போடுவேன். அவள் விடமாட்டாள். எதிர் சீட்டில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருக்கிற அம்மா, இன்னாத்துக்குமா காலைலயே சண்டை என்று கேட்கிற அளவுக்குப் போகும். ஆபீஸ் போய் முதல் வேலையாக அந்தக் கீறல்களைச் சரிசெய்வேன். ஏழு வருடம் என் போர்டுகள் ஒன்றுகூட வெடிக்கவில்லை என்று எனக்கு ஒரு பெயர் உண்டு அல்லவா, அந்தப் பெயரில் பாதி அவள் நகத்துக்குச் சேர வேண்டியது. இதை நான் அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

மதியம் ஒரே டிபனில் சாப்பிடுவோம். என் வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்பை அவள் எடுத்துக்கொள்வாள், அவள் கொண்டுவரும் கவலை மீன் வறுவல் என் பக்கம் வந்துவிடும். என் வாழ்க்கையில் வேலைக்குப் போவதற்காகக் காலையில் சீக்கிரம் எழுந்து காத்திருந்த வருடங்கள் அவைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடலோரக் குப்பங்களில் மீன் விற்கிற பெண்களுக்காகச் சோலாரில் ஓடுகிற குளிர்பெட்டி செய்யச் சொல்லி ஒரு வேலை வந்தது. அதற்கான கன்வர்ட்டர் போர்டு என்னுடையது. முதல் மாதிரி பிரமாதமாக வந்தது. ரயிலில் பார்த்துக் கீறி, திருத்தி, அளந்து முடித்தோம். சுவிட்ச் தாங்குவது நூறு வோல்ட், உதை எழுபதைத் தாண்டவில்லை. அனுப்புவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெட்டி செய்கிற ஆள் வந்து, போர்டு வண்டியில் குலுங்குகிறது, நடுவில் ஒரு ஸ்க்ரூ ஓட்டை வேண்டும் என்றார். அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் கெப்பாசிட்டருக்கும் சுவிட்சுக்கும் நட்டநடு.

அந்த மூன்று நாள் கோவளம் லீவு. அவள் ஊர் மாதா கோயில் திருவிழா. தாளை அச்சடித்தால் பார்க்க ஆளில்லை, அதனால் நான் அச்சடிக்கவே இல்லை. கெப்பாசிட்டரை ஒரு விரற்கடை தள்ளி, மற்ற மூன்று கெப்பாசிட்டர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பார்க்க அழகாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி நான்கும் வரிசையாக நின்றன. ஓட்டையைச் சுற்றிச் செம்பை வெட்டியிருக்கிறேன், மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டுதான் திரும்பும் என்பது எனக்குத் தெரியும். விரற்கடைதானே, செம்பு அகலம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் சறுக்கவில்லை, பார்த்துத்தான் காலை வைத்தேன்.

புது போர்டு வந்தது. லீவு முடிந்து வந்த கோவளம் அதை பெஞ்சில் வைத்து அளந்தாள். மறுநாள் லாரி ஏற்ற வேண்டும், நான் என் மேசையில் தலைபோகிற அவசரத்தில் இருந்தேன். அவள் பெஞ்சிலிருந்தே கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க அடிக்குது. ஒதை தொண்ணூத்தாறு வருது."

நான் தலையைத் தூக்காமலே, வயரைச் சுருக்கு என்றேன். லேப் வழக்கம்போலச் சிரித்தது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "ஸ்பிரிங்தான்க்கா போட்டுகினு கீறேன். பாதி லோடுலயே இப்டி அடிக்குது. வந்து பாரு" என்றாள். என் மேசைக்கும் அவள் பெஞ்சுக்கும் இருபது அடி. நான் எழுந்திருக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த மேனேஜர் என்னிடம், அது நிஜமா மேடம் என்று கேட்டார். புரோபில் ஏதோ கோளாறு சார் என்றேன். அவர் ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்கு எதிரே 'அளவீட்டுப் பிழை' என்று எழுதச் சொன்னார், கீழே அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் என்னைப் பார்த்துவிட்டுப் போட்டாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். அல்லது ஒப்பந்த ஆளுக்கு வேறு என்ன வழி என்று நினைத்திருப்பாள்.

இருபது அடி நடந்திருந்தால் ஸ்பிரிங்கைப் பார்த்திருப்பேன். இந்தத் தொழிலில் நிதானம் என்று ஒன்று இருக்கிறதே, அது பெரிய கணக்குகளில் தவறிப்போவதைவிட, ஒருவர் கூப்பிடும்போது எழுந்து போகிறோமா இல்லையா என்கிற இடத்தில்தான் அதிகம் தவறிப்போகிறது. கூப்பிடுகிறவர் நம்மைவிடக் கீழே இருக்கிறார் என்று நினைத்துவிட்டால் நாற்காலி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அன்று மேனேஜர் கூப்பிட்டிருந்தால் நான் ஓடியிருப்பேன்.

பெட்டிகள் கோவளத்திலிருந்து மாமல்லபுரத்துக்குத் தெற்கே வரை குப்பம் குப்பமாகப் போயின. ஒரு மாதம் ஓடவில்லை. உச்சி வெயிலில் பேனல் முழு பலத்தோடு கொடுக்கும் நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாகச் சுவிட்ச் வெடித்தது. பெட்டிக்குள் இருந்த மீன் கெட்டது. நாங்கள் கேள்விப்படுவதற்கு முன்பே கோவளம் கேள்விப்பட்டுவிட்டாள், ஏனென்றால் முதலில் நின்றது அவள் தெருக்கோடியில் இருந்த பெட்டி. உங்க கம்பெனி பொட்டிய நம்பி வஞ்சிரம் எடுத்து வச்சேன் பாரு என்று மீன் விற்கிற பெண்கள் அவளை பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவைத்துத் திட்டினார்களாம். ரயிலில் அதைச் சொல்லும்போதுகூட அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. இன்னிக்கு அந்தப் போர்ட எடுத்து நாம ரெண்டு பேரும் பாத்துடலாம்க்கா என்றாள்.

பார்ப்பதற்குள் மீட்டிங் கூப்பிட்டுவிட்டார்கள். பெட்டி வாங்கியவர்கள் தரப்பில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ரிப்போர்ட்டைப் புரட்டி, தொண்ணூற்றாறு என்று எழுதி அதைப் பிழை என்று தள்ளியிருக்கிற வரியில் விரல் வைத்தார். புரோபில் கோளாறு என்று நான் சொன்னதும், பிழை என்று தான் எழுதச் சொன்னதும் அவருக்கு மறந்துபோனதுபோல் பேசினார். யார் அளந்தது, பிழை என்று தெரிந்தால் மறுபடி அளக்க வேண்டாமா, எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று கோவளத்தைக் கேட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"அடிக்குதுன்னு அக்காகிட்ட சொன்னேன் சார்."

மேனேஜர் என் பக்கம் திரும்பி, சொன்னாங்களா மேடம் என்றார்.

அந்த நொடியில் என் தலைக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். வெளியாட்கள் இருக்கிறார்கள். அடுத்த மாதம் என்னைப் பிரிவின் தலைவியாக்கப் போகிறார்கள். நான் போட்ட போர்டு வெடிக்காது என்று ஊரெல்லாம் பெயர். இவள் சின்னவள், எங்கேயும் போய்ப் பிழைத்துக்கொள்வாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

கோவளம் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நான் அவள் பெஞ்சுக்குப் போய் அளந்தேன். தொண்ணூற்றாறு. கெப்பாசிட்டரைப் பழைய இடத்துக்கு இழுத்து, ஸ்க்ரூ ஓட்டையை ஓரத்துக்குத் தள்ளி ஒரே வாரத்தில் புது போர்டு போட்டேன். இன்று வரைக்கும் அந்தப் பெட்டிகள் ஓடுகின்றன. சரியான நேரத்தில் காப்பாற்றினீர்கள் மேடம் என்று எனக்குப் பாராட்டு. அவள் ஒப்பந்தத்தை மாதக் கடைசியில் கம்பெனி புதுப்பிக்கவில்லை.

இதில் எனக்கு இன்றும் தாங்காதது வேறு ஒன்று. மீட்டிங் முடிந்த மறுநாள் காலை ஊரப்பாக்கத்தில் ரயில் வந்து நின்றபோது, ஜன்னலோரம் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். நான் உட்கார்ந்தேன். நான் பேசுவதற்காக அவள் காத்திருந்தாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கூடுவாஞ்சேரி போயிற்று, பொத்தேரி போயிற்று, பிள்ளைகள் இறங்கினார்கள். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது நான் வாயைத் திறந்து, வெங்காயம் விலை ஏறிவிட்டது என்றேன். ஆமாக்கா என்றாள். அதற்கு அடுத்த நாளும் இடம் பிடித்திருந்தாள், அன்றும் நான் எதையோ பேசினேன். மூன்றாம் நாள் அவள் அந்தப் பெட்டியில் இல்லை. பிளாட்பாரத்தில் தேடினேன், பின்பெட்டியிலிருந்து இறங்கி எனக்கு முன்னால் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள்.

அதன்பிறகு ஒன்பது வருடம் நான் வேலை பார்த்தேன். பிரிவின் தலைவியானேன். நான் போட்ட படத்தை யாரிடம் நீட்டினாலும், மேடம் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் தாளை நானே மடியில் விரித்து நானே நகத்தால் இழுத்துப் பார்ப்பேன். நாம் போட்ட வழி நமக்குச் சரியாகவே தெரிந்து தொலைக்கும். ஒரு கீறல் போட ஆளில்லை. உங்களில் சிலரிடம், தைரியமாகக் குறை சொல்லுங்கள் என்று நான் கெஞ்சியிருக்கிறேன், நீங்கள் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. குறை சொன்ன ஒருத்தியை நான் என்ன செய்தேன் என்று லேபுக்கே தெரியும். எனக்கு அவள் வேண்டியிருந்தது. அவள் சண்டை வேண்டியிருந்தது, அந்த மீன் வறுவல்கூட வேண்டியிருந்தது. கூப்பிடப் பலமுறை போனை எடுத்திருக்கிறேன். எடுத்தால் முதல் வாக்கியம் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிடுவேன்.

ஓய்வுபெற்ற மூன்றாவது வாரம் கூப்பிட்டேன். குரலைக் கேட்டதும் யார் என்று கண்டுபிடித்துவிட்டாள். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு பதினோரு மணிக்கு மேல வூட்ல இருப்பேன் என்று மட்டும் சொன்னாள். ஏழு வருடம் அவள் வந்த அதே வழியில், எதிர்ப்பக்கமாக, வண்டலூர் போய் பஸ் ஏறினேன். கேளம்பாக்கம் தாண்டி உப்பளம் தெரிந்ததும், இறங்குமிடம் வருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டேன்.

வீடு புதிதாகக் கட்டியிருந்தாள். இப்போது பழைய மாமல்லபுரம் சாலையில் மின்சார வண்டிகளுக்கு சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு, கீழே பன்னிரண்டு பேர். தலையில் நரை விழுந்திருந்தது. டீ கொடுத்தாள். நான் ஊரிலிருந்து வரும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கிக்கொண்டு வந்தது எல்லாம் போய்விட்டது. ஞாபகம் இல்லை என்று அன்று சொன்னது பொய், எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது என்று சொன்னேன். என்னால் உன் வேலை போயிற்று என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேல நாலு மாசத்துல வேற கெட்ச்சுதுக்கா. அது ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷம் நான் எந்த ரீடிங்கையும் ஒரே தபா எடுத்து எழுதல, தெரியுமா? மூணு தபா அளப்பேன். அப்பவும் பக்கத்துல கீறவன கூப்ட்டு, நீ பாத்து சொல்லு இது சரியான்னு கேப்பேன். எங்கண்ணால பாத்தத நானே நம்பல. நீ சொன்னா தப்பா இருக்காதுன்னு அவ்ளோ நம்பிகினு இருந்தேன் உன்ன."

வேலை போனதற்காக அழுதிருந்தால், திட்டியிருந்தால், ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்திருப்பேன். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவள் கைமேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையை என்று அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. அளக்கிறவளுக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது?

கிளம்பும்போது, நான் மறுபடி வரலாமா என்று கேட்டேன். அவள் சட்டென்று ஆகட்டும் என்று சொல்லவில்லை. அந்த ரிப்போர்ட் இன்னும் கம்பெனியில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடமாகக் காட்டுகிறார்கள் என்றேன். அதுல என் கையெழுத்து கீது இல்ல என்றாள். ஆமாம் என்றேன்.

"மொதல்ல நடந்தத எழுதி குடு. என் பேரு வேணாம். அப்பால வா."

உங்களுக்கு டெஸ்டிங் வகுப்பில் காட்டுகிற குளிர்பெட்டி ரிப்போர்ட் அதுதான். அளப்பவர் கவனக்குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லி அதைக் கையில் கொடுப்பார்கள். அந்த ரிப்போர்ட்டின் பின்னால் இந்தத் தாள்களைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்களுக்காகக் கடைசி வரியில் சுருக்கமாக எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன்.

தொண்ணூற்றாறு என்று அவள் அளந்தது சரி. போர்டில் இருந்த பிழை என்னுடையது. அவள் என்னைக் கூப்பிட்டாள், நான் போகவில்லை.